ஊரை உண்டாக்கியவர் யார்?

நம் ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பிள்ளையோ பேரனோ சிங்கப்பூரில் இருக்கிறான். போய் வந்த பெரியவர்களும் நிறையப் பேர். "அந்த ஊரை உண்டாக்கியது யார்?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொல்வார்கள்: ராஃபிள்ஸ். 1819 ஜனவரியில் வந்து இறங்கினார், பிப்ரவரி 6-ல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், துறைமுகம் பிறந்தது. பள்ளிப் பாடம் அவ்வளவுதான்.

மலாய்க்காரர்களின் கதை வேறு. பலெம்பாங்கிலிருந்து வந்த சங் நீல உத்தமன் என்ற இளவரசன் கரையில் ஒரு விலங்கைக் கண்டான். சிங்கம் என்றார்கள். அதனால் சிங்கபுரம் என்று பெயர் வைத்தான். அந்தக் காட்டில் சிங்கம் ஏது என்று சிரிக்கலாம். ஆனால் 1984-லிருந்து அங்கே கோட்டைக் குன்றில் தோண்டியபோது, பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. ஆக, ராஃபிள்ஸுக்கு ஐந்நூறு வருஷம் முன்பே அது வியாபாரத் துறைமுகம். கதையில் சிங்கம் பொய்யாக இருக்கலாம், ஊர் பொய்யில்லை.

இந்த இருவரோடு மூன்றாவதாக ஒருவரையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. அவர் நாராயண பிள்ளை. பினாங்கில் அரசாங்க குமாஸ்தாவாக இருந்த தமிழர். அதே 1819 மே மாதம் ராஃபிள்ஸின் கப்பலில் வந்தார். வீடு கட்டச் செங்கல் வேண்டுமே என்று சூளை போட்டார். துணிக்கடை வைத்தார், அது தீயில் போனது. துவண்டுவிடாமல் மறுபடி எழுந்து, 1827-ல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மனுக்கு மரமும் ஓலையுமாக ஒரு கோயில் எழுப்பினார். இன்று நம் ஆட்கள் தீமிதி பார்க்கப் போவது அங்கேதான். 1825 முதல் கொண்டுபோகப்பட்ட இந்தியக் கைதிகளையும் மறக்கக் கூடாது. சாலை போட்டதும் சதுப்பைத் தூர்த்ததும் அவர்கள்.

இருநூறாம் ஆண்டான 2019-ல், ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் சங் நீல உத்தமன், நாராயண பிள்ளை உட்பட நான்கு பேருக்குச் சிலை வைத்தார்கள். சில நாட்களுக்குத்தான். என்றாலும் நல்ல காரியம். கையெழுத்துப் போட்டவர் மட்டுமே ஊரை உண்டாக்கவில்லை, செங்கல் சுட்டவரும் உண்டாக்கினார் என்று ஒரு நாடே ஒப்புக்கொண்டது.

நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோமா? 217 அடி ராஜகோபுரத்தைக் காட்டி, கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்தார், தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தார் என்று பேரனுக்குச் சொல்கிறோம். கல் சுமந்தவன், சாரம் கட்டியவன் பெயர் நமக்குத் தெரியாது. அது போகட்டும், ஐந்நூறு வருஷத்துப் பழசு. நம் காலத்தில் நடந்தது? எந்தத் தெரு எப்போது வந்தது, எந்தக் குளத்தை யார் வெட்டினார்கள், எந்தச் சத்திரத்தை யார் நடத்தினார்கள், எந்தக் கடைக்காரர் பசித்தவருக்குக் கணக்குப் பார்க்காமல் சோறு போட்டார், இதெல்லாம் எழுபது தாண்டிய நம் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தெரிந்த பெயர்களை எழுதி வையுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும், கண்ணால் பார்த்ததைப் பார்த்தது என்றும் தனித்தனியாக எழுதுங்கள். சிங்கப்பூரிலிருந்து பேரன் லீவுக்கு வரும்போது அவன் கையில் கொடுங்கள்.