மண் இட்லி பொய் இல்லை

மொட்டை மாடியில் யானை நிற்கிறது என்று நாலு வயதுக் குழந்தை சொன்னால், "இந்த வயசுலயே இவ்வளவு பொய்யா?" என்று அதட்டும் பெரியவர்கள் நம் வீடுகளில் நிறைய. இப்போதே கண்டிக்காவிட்டால் பொய்யே பழக்கமாகிவிடும் என்று அவர்கள் மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறானது. குழந்தைகளைக் காயப்படுத்துவதால் அதை எதிர்த்தே ஆக வேண்டும்.

பொய் சொல்பவர், கேட்பவர் ஏமாற வேண்டும் என்று நினைக்கிறார். விளையாடும் குழந்தையோ நம்மையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறது. ஐயம் இருந்தால், செப்புச் சாமான் பரப்பிக் கடை நடத்தும் குழந்தையிடம் போய் உட்காருங்கள். கொட்டாங்கச்சியில் மண்ணை அமுக்கிக் கவிழ்த்து இட்லி என்று தரும். இலையைக் கிழித்துக் காசாக நீட்டினால் சில்லறையும் எண்ணித் தரும். அந்த மண்ணை நிஜமாகவே வாய்க்குக் கொண்டுபோனால், "ஐயய்யோ, இது சும்மா!" என்று பதறிக் கையைத் தட்டிவிடும். எது மண், எது இட்லி என்பதில் அதற்குக் குழப்பமே இல்லை. இரண்டையும் ஒருசேர மனதில் வைத்துக்கொள்ளும் திறமை அது. அதற்குத்தான் அடி விழுகிறது.

கண்ணுக்குத் தெரியாத தோழியோடு பேசும் குழந்தையின் பாடு இன்னும் மோசம். காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று மந்திரிக்கத் தூக்கிப் போகிறார்கள், தாயத்து கட்டுகிறார்கள். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஜரி டெய்லர் இத்தகைய குழந்தைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் இப்படி ஒரு கற்பனைத் துணையை வைத்திருந்தவர்கள் 65 சதவீதம்; பொம்மைக்கு உயிர் கொடுத்துப் பேசியவர்களும் இதில் அடக்கம். பெரும்பாலான குழந்தைகள் செய்வதை நோய் என்றோ பேய் என்றோ சொல்வது எப்படி நியாயம்? 1997இல் அவரும் ஸ்டெஃபனி கார்ல்சனும் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், கற்பனையில் திளைக்கும் நாலு வயதுக் குழந்தைகள், அடுத்தவர் மனதில் என்ன இருக்கும் என்று ஊகிப்பதில் முந்தியிருந்தார்கள். இல்லாத ஒரு தோழிக்குப் பசியும் கோபமும் வைத்து, அவளுக்காகவும் பேசிப் பார்க்கிற பிள்ளைக்கு இது கைவராதா?

குழந்தையின் கற்பனை விளையாட்டு பொய்யல்ல என்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. பிள்ளைத்தமிழில் சிற்றில் என்னும் மணல் வீட்டுக்கும் சிறுதேருக்கும் தனித்தனிப் பருவங்கள் உண்டு. சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் கேட்க, நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகத்தையே ஆண்டாள் ஒதுக்கினாள். மணல் வீட்டை வீடாகவே மதித்த மரபு அது.

டம்ளரை உடைத்துவிட்டு, "புலி உடைச்சது" என்றால் அது பொய்தானே என்பார்கள். ஆம், பொய்தான். அது பயத்தில் பிறந்த பொய். உளவியலாளர்கள் விக்டோரியா தல்வாரும் காங் லீயும் 2011இல் வெளியிட்ட ஆய்வு மேற்கு ஆப்பிரிக்க நாடொன்றின் இரண்டு பள்ளிகளைப் பற்றியது. ஒன்றில் அடி உண்டு. மற்றதில் வாய்க் கண்டிப்பு போன்றவை மட்டும். பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லி, மூன்று நாலு வயதுக் குழந்தைகளைத் தனியே விட்டார்கள். பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்றவர்கள் அடி விழும் பள்ளியில்தான் அதிகம். சொன்ன பொய்யைத் தடுமாறாமல் காப்பாற்றியதும் அவர்கள்தான். பொய்யைத் தடுக்க ஓங்கிய கையே பொய்யைப் பழக்கியிருக்கிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எதைச் சொன்னாலும் "கதை விடாதே" என்று வாயடைக்கப்படும் குழந்தை, நடந்ததைச் சொல்லவும் தயங்கும். பள்ளி வேனில் யாரோ கிள்ளியதை, தொடக் கூடாத இடத்தில் ஒருவர் தொட்டதை நம்மிடம்தானே அது சொல்ல வேண்டும்? சொன்னால் நம்புவார்கள் என்ற தைரியத்தை மூன்று வயதிலேயே பறித்துவிட்டு, பத்து வயதில் "ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?