பந்தாட்டம் பார்க்க வந்த விருந்தாளி

ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில் வள்ளங்கள் கரையேறி நிற்கின்றன. கிறிஸ்தவ மீனவர்கள் இன்று கடலுக்குப் போவதில்லை. ஒரு பக்கம் வலை காய்கிறது. இன்னொரு பக்கம் கருவாடு காய்கிறது. வெயில் தாழட்டும். மணலில் பந்து உருண்டுவிடும்!

இந்தக் கரையிலிருந்து ஓர் அணி பக்கத்துக் கடற்கரை ஊருக்கு ஆடப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆடப் போகிறவர்கள் பதினொரு பேர். உடன் போகிறவர்கள்? அதற்குக் கணக்கே கிடையாது. ஆடுகிறவனின் அண்ணன் போகிறான். மச்சான் போகிறான். பள்ளிக்கூடப் பையன்கள் முந்திக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வேன் பிடித்திருக்கிறார்கள். மேளமும் ஏறிவிட்டது.

ஆடுகிறவனைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறார்கள். கோப்பை கொடுத்த பெரிய மனிதரைப் பற்றியும் எழுதுகிறார்கள். உடன் போகிறானே, அந்த ரசிகன், அவனைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

அவன் பாடு லேசானது அல்ல. போன இடத்தில் எங்கே உட்காருவது என்று தெரியாது. குடிக்கத் தண்ணீர் எங்கே என்று தெரியாது. தன் ஊர்ப் பையன் கோல் போட்டால் துள்ளிக் குதிக்கலாமா, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? அதுவும் தெரியாது. குதித்துவிட்டான் என்றால் பின்னாலிருந்து ஒரு தள்ளு. திரும்பிப் பார்த்தால் ஒரு கெட்ட வார்த்தை. பிறகு ஒரு கல். வேன் கண்ணாடி போயிற்று!

கண்ணாடியை மாற்றிவிடலாம். ஆனால் இரண்டு ஊருக்கும் பேச்சு நின்றுபோகிறதே, அதை எப்படி மாற்றுவது? பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர் என்றும் பார்ப்பதில்லை. கடற்கரையில் இந்தப் பகை மிகவும் பொல்லாதது. ஏனென்றால், நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனால் கயிறு வீசி இழுத்து வருகிறவன் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஊர்க்காரன்தான்.

குமரிக் கரையில்

கேரள எல்லையை ஒட்டி, குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் சில மீனவர் ஊர்கள் இருக்கின்றன. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று வரிசையாகப் பெயர் சொல்லலாம். ஆழ்கடலுக்குப் போய் நாள் கணக்கில் தங்கி மீன் பிடிக்கிறவர்கள். அவர்களுக்குக் கால்பந்து என்றால் உயிர். இரவிபுத்தன்துறைக்காரரான மைக்கேல் சூசைராஜ் ஐ-லீக், ஐ.எஸ்.எல். என்று நாட்டின் பெரிய போட்டிகளில் ஆடினார்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. இந்த ஊர்களில்தான் எத்தனை வீடுகளில் ஆண்கள் திரும்பி வரவில்லை! அந்த நாட்களில் இன்ன ஊர்ப் படகு, எதிரூர்ப் படகு என்று யாரும் பார்க்கவில்லை. மீனவர்களே படகு எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். மைதானத்துக்கு வந்ததும் மட்டும் அந்த நினைப்பு எங்கே போய்விடுகிறது?

ஸ்காட்லாந்திலும் ஒரு கடற்கரை ஊர்

ஸ்காட்லாந்து தூத்துக்குடிக்குப் புதிய பெயர் அல்ல. ‘ஹார்வி மில்’ என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த ஹார்வி சகோதரர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்களுடைய கோரல் மில்லில்தான் 1908-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தொழிலாளர் வேலை நிறுத்தத்தை நடத்தி வெற்றி கண்டார்.

அந்த நாட்டின் கிழக்குக் கரையில் ஆர்புரோத் என்று ஒரு சிறிய ஊர். அதுவும் மீன்பிடி ஊர்தான். ஹேடக் என்ற மீனை உப்பிட்டு, வாலோடு வால் சேர்த்து இரண்டிரண்டாகக் கட்டி, விறகுப் புகையில் தொங்கவிட்டு வேகவைப்பார்கள். ஊர்ப் பெயரே அந்த மீனுக்கும் பெயராகிவிட்டது. திரேஸ்புரத்துக் கருவாடு வெயிலில் காய்கிறது. அங்கே வெயிலுக்கு எங்கே போவார்கள்? புகைதான்!

அந்த ஊரின் மைதானம் ‘கேஃபீல்டு’. கடலை ஒட்டியே இருக்கிறது. புயல் நாட்களில் அலை மதிலைத் தாண்டி வந்து ரசிகர்களை நனைத்துவிடும். பணக்கார அணி ஒன்றும் அல்ல. வாரம் முழுதும் வேறு வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை ஆட வருகிறவர்களைக் கொண்டே அந்த அணி 2021-22-ல் நாட்டின் இரண்டாம் பிரிவில் இரண்டாவது இடத்தைப் பிடித்துக் காட்டியது.

இங்கே 1885 செப்டம்பர் 12-ந் தேதி ஒரு வேடிக்கை நடந்தது. அபர்டீன் நகரிலிருந்து ‘பான் அக்கார்டு’ என்ற அணி ஆட வந்தது. ஆர்புரோத் போட்ட கோல்கள் 36. வந்தவர்கள் போட்டது பூஜ்யம்! உள்ளூர்க் கோல்காப்பாளருக்கு அன்று வேலையே இல்லை. மழைக்கு ஒரு ரசிகரின் குடைக்குள் ஒதுங்கி நின்றார் என்று இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். 36 கோல் வாங்கிக்கொண்டு ரயிலேறிப் போனவர்கள் என்ன பேசிக்கொண்டு போனார்களோ!

அங்கே இன்று வெளியூர் ரசிகன் எப்படிப் போய் வருகிறான்? டிக்கெட் வாங்குகிறான். படிக்கட்டில் நின்று பார்க்கிறான். குளிர் தாங்க, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்று. சூடான மாட்டிறைச்சிச் சாறு ஒரு குவளை. கூட்டம் குறைவான ஆட்டங்களில் இரு ஊர் ரசிகர்களையும் பிரித்து வைப்பதுகூட இல்லை. இடைவேளையில், தன் அணி எந்தக் கோலை நோக்கி ஆடப் போகிறதோ அந்தப் பக்கத்துக்கு நடந்து போய் நிற்கிறான். வழியில் எதிர்ப்படுகிறவன் உள்ளூர் ரசிகன். கேலி பேசிக்கொள்கிறார்கள். கல் எடுப்பதில்லை.

பட்டுத் தெரிந்துகொண்டார்கள்

அவர்கள் பிறவியிலேயே சாதுக்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1980 மே 10-ந் தேதி கிளாஸ்கோ நகரில் ஸ்காட்லாந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம். செல்டிக் அணிக்கும் ரேஞ்சர்ஸ் அணிக்கும் போட்டி. ஆட்டம் முடிந்ததும் இரு தரப்பு ரசிகர்களும் மைதானத்துக்குள் இறங்கி மோதிக்கொண்டார்கள். குதிரைப் போலீசார் வந்து விரட்ட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே சட்டம் வந்தது. ரசிகர்கள் இருக்கும் இடத்துக்குள் மது கொண்டு போகக் கூடாது. குடித்துவிட்டு உள்ளே வரக் கூடாது. அவர்கள் ஏறி வரும் பஸ்ஸிலும் மது இருக்கக் கூடாது!

வேனில் பாட்டிலை மறைத்து வைத்துக்கொண்டு போகும் நம் ஊர்த் தம்பிகள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மேளம் போதும். பாட்டில் எதற்கு?

சண்டையைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அதுதான் நெரிசல். அதே கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 1902 ஏப்ரல் 5-ந் தேதி, ஸ்காட்லாந்து – இங்கிலாந்து ஆட்டம் நடக்கும்போதே பார்வையாளர் நின்ற மரத்தளம் உடைந்தது. 25 பேர் மாண்டார்கள். அதே மைதானத்தில் 1971 ஜனவரி 2-ந் தேதி, ஆட்டம் முடிந்து வெளியேறும் படிக்கட்டில் நெரிசல். 66 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் 1975-ல் மைதானப் பாதுகாப்புக்கென்று பிரிட்டனில் தனிச் சட்டம் வந்தது.

இந்தியாவில் நடக்கவில்லையா? 1980 ஆகஸ்ட் 16-ந் தேதி கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். ரசிகர்கள் மோதிக்கொண்டார்கள். ஆட்டம் பார்க்கப் போன 16 பேர் வீடு திரும்பவில்லை. பக்கத்துக் கேரளத்தில், மலப்புறம் மாவட்டம் காளிகாவு அருகே 2022 மார்ச்சில் இரவு ஆட்டம். கூட்டம் தாங்காமல் தற்காலிகக் காலரி சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள்.

கம்பு நட்டு, கயிறு கட்டி, பலகை போட்ட காலரிகள் நம் பக்கத்துப் போட்டிகளுக்கும் புதியவை அல்ல. ஆயிரம் பேருக்குக் கட்டிய காலரியில் இரண்டாயிரம் பேர் ஏறும்போது, வேண்டாம் என்று தடுக்க யாருக்கு மனம் வருகிறது? டிக்கெட் பணம் கண்ணை மறைக்கிறது. உள்ளூர்க்காரனுக்காவது சந்து பொந்து தெரியும். எந்தப் பக்கம் ஓடினால் தெரு வரும் என்று தெரியும். வெளியூர்க்காரனுக்கு என்ன தெரியும்? அவன் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பையனுக்கு என்ன தெரியும்?

போட்டி நடத்தும் ஊர்ப் பெரியவர்களும் சங்கத்து இளைஞர்களும் ஊருக்கு வந்தவருக்குச் சோறு போட்டுப் பழகியவர்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் முன்பின் தெரியாத யாத்திரிகருக்கும் மோர் கொடுக்கிறார்கள். பந்தாட்டத்துக்கு வந்தவர் மட்டும் என்ன பாவம் செய்தார்? அவருக்கு ஒரு பக்கத்தைக் கயிறு கட்டி ஒதுக்குவதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒரு குடம் தண்ணீர் வைக்கலாம். அவர்கள் ஊர் வேனைச் சாலையைப் பார்த்து நிறுத்தச் சொல்லலாம். பெண்களும் குழந்தைகளும் உட்கார முன்வரிசையில் இடம் விடலாம். பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் கெட்ட வார்த்தை தானாகக் குறையும். ஆட்டம் முடிந்ததும் அவர்களை முதலில் வெளியே விட்டு, தெருமுனை வரை இரண்டு பேர் கூடப் போகலாம். உள்ளூர் அணி தோற்ற நாளில் நான்கு பேர் போவது நல்லது!

போட்டி நோட்டீஸ்களைப் பாருங்கள். முதல் பரிசு எவ்வளவு, சுழற்கோப்பை கொடுத்தவர் யார் என்பதெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். தலைமை தாங்குகிறவரின் படமும் இருக்கும். வெளியூர் ரசிகர்கள் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று ஒரு வரி இருக்காது. அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் எழுதுகிறவர்கள் அந்த ஒரு வரியையும் சேர்த்து அச்சகத்துக்குக் கொடுக்கட்டும்.