சார்ஜருக்கு மணி பார்க்கத் தெரியாது

பேட்டி ஒன்றின் நடுவே என் ஒலிப்பதிவுக் கருவி நின்றுபோனது. உள்ளே இருந்தவை வாங்கி ஆறு மாதம்கூட ஆகாத ரீசார்ஜபிள் பேட்டரிகள். போலிச் சரக்கு என்று கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். பிறகுதான் தெரிந்தது, குற்றவாளி என் மலிவு விலை சார்ஜர். உடந்தை நான்.

மலிவான சார்ஜர்கள் பலவற்றுக்கு பேட்டரி நிரம்பியது தெரியாது. பிளக்கைப் பிடுங்கும்வரை மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும். எரிகிற சிவப்பு விளக்குக்கு 'மின்சாரம் வருகிறது' என்பது மட்டுமே பொருள். நிரம்பிய பிறகும் பாயும் மின்சாரம் சூடாக மாறி பேட்டரியின் ஆயுளைத் தின்கிறது. இரண்டு நாள் மறதியாக விட்டுவைத்தது நான்தான்.

அதற்காக அந்த சார்ஜரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரு சின்னக் கணக்கு போதும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியின் மேல் 2000 எம்ஏஎச் என்றும், சார்ஜரின் பின்புறம் 200 எம்ஏ என்றும் அச்சிட்டிருந்தால், முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள்: 10. ஏற்றும்போது ஓரளவு விரயமாகும் என்பதால் 1.4 ஆல் பெருக்குங்கள். முழுவதும் தீர்ந்த பேட்டரிக்கு 14 மணி நேரம். மாலை 6 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு எடுத்துவிட வேண்டும். விடையை ஒரு துண்டுத் தாளில் எழுதி சார்ஜரிலேயே ஒட்டிவிடுங்கள்.

டைமர் உள்ள சார்ஜர் கொஞ்சம் மேல். ஆனால் நம் ஊர் மின்வெட்டு அதைக் குழப்பிவிடும். மின்சாரம் போய்த் திரும்பினால் பல டைமர்கள் பூஜ்யத்திலிருந்து மீண்டும் எண்ண ஆரம்பிக்கும்.

புதிதாக வாங்குபவர்கள் பெட்டியில் இரண்டு விஷயங்களைத் தேடலாம். ஒன்று, நிரம்பியதும் தானாக நிற்கும் வசதி. மற்றொன்று, ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே கவனிக்கும் வசதி. ஜோடியாக மட்டுமே ஏற்றும் சார்ஜரில் பாதி நிரம்பியதையும் முற்றிலும் தீர்ந்ததையும் சேர்த்துப் போட்டால் ஒன்று அளவுக்கு மீறி நிரம்பும், இன்னொன்று அரைகுறையாக நிற்கும். அப்படிப்பட்ட சார்ஜர்தான் இருக்கிறது என்றால், ஒன்றாக வாங்கிய பேட்டரிகளை எப்போதும் ஒன்றாகவே பயன்படுத்துங்கள்.

சாதாரண பேட்டரிகளை எந்தக் காரணம் கொண்டும் சார்ஜரில் போடாதீர்கள். கசியும், வெடிக்கவும் கூடும். 1.5 வோல்ட் லித்தியம் ரீசார்ஜபிள்களுக்கும் இந்த சார்ஜர் ஆகாது.

செத்த பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. அதைத் தனியே சேகரிப்பவர்களிடம் தர வேண்டும் என்கின்றன 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்.

நூற்றுக்கணக்கான முறை ஏற்றலாம் என்ற கணக்கில்தான் ரீசார்ஜபிளுக்குக் கூடுதல் விலை தருகிறோம். அந்தக் கணக்கு பலிப்பதும் பொய்ப்பதும் காலையில் பிளக்கைப் பிடுங்கும் கையில் இருக்கிறது. நான் இப்போது செல்போனில் அலாரம் வைத்துக்கொள்கிறேன்.