ரகசியம் காப்பது சலுகையல்ல, கடமை!

பதினெட்டு வயது நிரம்பியவனுக்கு ஓட்டுரிமை உண்டு. வங்கியில் கணக்குத் தொடங்கலாம். கடைக்குப் பங்குதாரர் ஆகலாம். ஆனால் உடம்புக்கு ஒன்று என்றால், தனியாக மருத்துவரைப் பார்க்க மட்டும் அத்தாவிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமாம்! பெண் பிள்ளைகளின் நிலையோ இதைவிடப் பரிதாபம்.

சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என எந்த ஊரிலும் இதே கதைதான். கிளினிக்கில் நுழைந்ததும், "நீ இன்னார் மகன்தானே?" என்ற விசாரணை. ரிப்போர்ட் கைக்கு வருமுன்னே செய்தி கடைக்குப் போய்விடுகிறது. மஃரிபுக்குள் தெருவே பேசுகிறது! விளைவு? மருத்துவரைத் தவிர்த்துவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் தானே மாத்திரை கேட்டு வாங்குகிறான் இளைஞன். நோய் முற்றிய பிறகு, "முன்பே சொல்லக் கூடாதா?" என்று அழுது என்ன பயன்?

சட்டம் என்ன சொல்கிறது? 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை, தொழிலில் அறிந்த நோயாளியின் ரகசியத்தை மருத்துவர் வெளியிடக் கூடாது என்கிறது. மனநலச் சிகிச்சைச் சட்டம் 2017, மனநோயாளியின் விவரங்களுக்கும் இதே காப்பைத் தருகிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், ஒருவரின் சம்மதமின்றிப் பரிசோதிப்பதையே தடை செய்கிறது. வயதுவந்தவரின் விஷயத்தில், "நான் பெற்றவன்" என்பது இந்தச் சட்டங்களுக்கு விலக்கு ஆகாது!

நாமக்கல்லுக்கு இது புதிய பாடமும் அல்ல. லாரித் தொழிலால் செழித்த இம்மாவட்டம், எச்.ஐ.வி. பாதிப்பு அதிகம் பதிவான மாவட்டங்களில் ஒன்றாக இருந்தது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், முடிவோ ரகசியம். அந்த உறுதி இல்லையென்றால் எந்த டிரைவர் ரத்தம் கொடுக்கக் கை நீட்டியிருப்பார்?

"அப்படியானால் நோயை மறைத்து நிக்காஹ் செய்யலாமா?" என்று கேட்போர் உண்டு. கூடாது! சென்னை மருத்துவமனை ஒன்று தொடர்பான எக்ஸ் வழக்கில், 1998இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது: ரகசிய உரிமை முழுமையானதல்ல, மணமகளாக வரவிருக்கும் பெண்ணின் உயிர் அதைவிடப் பெரியது. குறிப்பிட்ட ஒருவருக்குக் கடும் ஆபத்து எனும்போது மருத்துவக் கவுன்சில் விதியும் விலக்களிக்கிறது. ஆபத்துக்குள்ளாகும் அந்த ஒருவருக்குச் சொல்வது வேறு. ஊருக்கே சொல்வது வேறு.

வணிகப் பெருமக்களே! உங்கள் பேரேட்டைப் பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டுவீர்களா? ஆடிட்டர் அதை வெளியில் சொன்னால் பொறுப்பீர்களா? பிள்ளையின் உடம்பு மட்டும் ஊர்ச் சொத்தா? ரகசியமும் அமானிதமே. உங்கள் கடைப் பையன் மருத்துவரிடம் போக லீவு கேட்டால், மருந்துச் சீட்டைக் கேட்காதீர்கள். தெரிந்த கம்பவுண்டரிடம் மகனைப் பற்றி விசாரிக்காதீர்கள்.

இளைஞர்களே! "என் ரிப்போர்ட்டை என்னிடம் மட்டும் தாருங்கள்" என்று கேட்கத் தயங்காதீர்கள். மருத்துவர் ரகசியத்தை மீறினால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யுங்கள்.

வீட்டுக்குப் பயந்து நோயை வளர்க்கும் தலைமுறை நமக்கு வேண்டாம். பிள்ளை தானாக வந்து சொல்லும் அளவுக்கு நம்பிக்கையைச் சம்பாதியுங்கள். அதை ஒற்று வேலையால் வாங்க முடியாது!