பள்ளம் எண்ணுவது வெட்டி வேலையா?

"சம்பளமே இல்லாம நிலாவுல பள்ளம் எண்றியாமே?" கருவடிக்குப்பத்தில் நண்பர்களின் தினசரிக் கிண்டல் இது. பள்ளங்கள் நெருங்கியிருக்கும் நிலப்பரப்புக்கு வயது அதிகம். அந்த வயதைக் கணிக்க யாராவது எண்ணித்தான் ஆகணும். தன்னார்வலர்களின் கூட்டு எண்ணிக்கை நிபுணர்களுக்கு ஈடானது என்று 2014இல் ஓர் ஆய்வே காட்டியது. நிபுணர்களுக்குள்ளேயே எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்பதையும் அது சொன்னது.

2019இல் நாசா படங்களில் விக்ரம் கலத்தின் சிதறலைக் கண்டுபிடித்த சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் விண்வெளி விஞ்ஞானி அல்ல. நாசா அவர் பெயரைச் சொன்னதும் 'நம்ம தமிழன்' என்று துள்ளினோம். முந்தைய நாள்வரை அவர் செய்ததும் இதே 'வெட்டி வேலை'தானே?

ஜெயிச்சவரைச் சொந்தம் கொண்டாடுவது சுலபம். எதுவுமே சிக்காத ராத்திரிகளையும் மதிக்கக் கத்துக்குங்க.