சீமைக்குப் போன பிள்ளையின் சாப்பாட்டுக் கணக்கு

பிள்ளை வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறான் என்றால் வீட்டில் ஒரே பரபரப்பு. புதுத் துணி எடுக்கிறார்கள். பெட்டி வாங்குகிறார்கள். ஊறுகாய், பருப்புப் பொடி எல்லாம் கட்டிக் கொடுக்கிறார்கள். விமான நிலையம் வரை போய் வழி அனுப்பி விட்டு, "இனிக் கவலை இல்லை. படித்துப் பட்டத்தோடு வந்து விடுவான்" என்று வீடு திரும்புகிறார்கள்.

இடையில் முதல் சில மாதங்கள் என்று ஒன்று இருக்கிறது! பழக்கம் இல்லாத பட்டணம். புரியாத பேச்சு. பிடிக்காத சாப்பாடு. எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டிய பணம். பிள்ளைகள் தடுமாறுவது அப்போதுதான்.

தடுமாறுவது குற்றமா? இல்லை. மகாத்மா காந்தியே தடுமாறி இருக்கிறார். அதை அவர் மறைக்கவும் இல்லை. "சத்திய சோதனை" என்ற தம் வாழ்க்கை வரலாற்றில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோர் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும்.

வெள்ளை உடுப்பு

1888-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி மோகன்தாஸ் காந்தி பம்பாயில் கப்பல் ஏறினார். பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் பயணம். அப்போது அவருக்கு வயது 18. கல்யாணம் ஆகிக் கைக்குழந்தையும் இருந்தது. தகப்பனார் காலமாகி விட்டார். படிப்புச் செலவுக்குப் பொறுப்பு அண்ணன் லட்சுமிதாஸ்.

கடல் கடந்து போகக் கூடாது என்று சாதிக்காரர்கள் கூட்டம் போட்டு அவரைத் தள்ளி வைத்தார்கள். வழி அனுப்பத் துறைமுகத்துக்குப் போகிறவருக்கு ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்றும் சொன்னார்கள்!

தாயார் புத்லிபாய்க்கு வேறு பயம். கண்காணாத தேசத்தில் பிள்ளை கெட்டு விடுவானோ என்ற பயம். மது, மாமிசம், மாது மூன்றையும் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கிக் கொண்டுதான் விடை கொடுத்தார்.

கப்பலிலேயே கஷ்டம் தொடங்கி விட்டது. இங்கிலீஷில் பேசக் கூச்சம். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. எது சைவம் என்று கேட்கவும் துணிவு இல்லை. ஊரிலிருந்து கொண்டு போன பலகாரத்தையும் பழத்தையும் தம் அறையிலேயே உட்கார்ந்து தின்றார்.

சீமையில் இறங்கும்போது போட்டுக் கொள்வதற்கென்று வெள்ளைக் கம்பளி உடுப்பு ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். இறங்கிப் பார்த்தால் வேறு ஒருவர்கூட வெள்ளை உடுத்தவில்லை! அது செப்டம்பர் மாதக் கடைசி. மாற்றிக் கொள்ளலாம் என்றால் பெட்டியும் சாவியும் ஏஜெண்டு கையில் இருந்தன. மறுநாளோ ஞாயிற்றுக்கிழமை. சாமான் வராது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

அன்று மாலை பிராண்ஜீவன் மேத்தா என்ற டாக்டர் அவரைப் பார்க்க வந்தார். டாக்டரின் உயரமான தொப்பி மழமழவென்று இருந்தது. காந்தி அதை எடுத்துத் தடவிப் பார்த்தார். ரோமம் கலைந்து விட்டது! மேத்தாவுக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் அதையே முதல் பாடமாக ஆக்கி விட்டார். பிறர் பொருளைத் தொடக் கூடாது, பழகும் முன்பே கேள்விகள் கேட்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். புது ஊரில் இப்படிச் சொல்லித் தர ஒருவர் இருப்பது ஆயிரம் ரூபாய் இருப்பதை விட மேல்.

பசியும் கூச்சமும்

ஓட்டலில் தங்கிய சில நாட்களுக்கு 3 பவுண்டு பில் வந்தது. கேட்டதும் காந்திக்குத் திடுக்கிட்டது. அவ்வளவு கொடுத்தும் பட்டினிதான். ஒரு பண்டம் பிடிக்கவில்லை என்று வேறொன்று கேட்டால் இரண்டுக்கும் காசு வாங்கினார்கள்.

பிறகு வாடகை அறைக்குப் போனார். இரவு படுத்தால் தூக்கம் வராது. தாயாரின் நினைவு வந்து கண்ணீர் வழியும். யாரிடம் சொல்வது? இங்கிலாந்தும் பிடிக்கவில்லை. திரும்பிப் போகவும் முடியாது. வந்தாயிற்று, மூன்று வருஷத்தை முடித்தே தீர வேண்டும் என்று மனசைத் தேற்றிக் கொண்டார்.

அவருக்கு நல்ல பசி எடுக்கும் வயது. காலையில் ஓட்ஸ் கஞ்சி வயிறு நிறையக் கிடைத்தது. மத்தியானமும் இரவும் கீரை, ரொட்டி, ஜாம். இரண்டு மூன்று துண்டு ரொட்டிக்கு மேல் கேட்க வெட்கம்! உலகத்திலேயே பெரிய ராஜ்யத்தை ஒரு நாள் எதிர்த்து நிற்கப் போகிறவர், இன்னொரு துண்டு ரொட்டி கேட்க வெட்கப்பட்டிருக்கிறார்.

மாமிசம் சாப்பிடச் சொல்லி நண்பர் ஒருவர் தினமும் வற்புறுத்தினார். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குக் கொடுத்த வாக்குக்கு இங்கே என்ன மதிப்பு என்று வாதாடினார். காந்தி பதில் வாதம் செய்யவில்லை. வாக்கு வாக்குதான் என்று இருந்து விட்டார்.

சைவச் சாப்பாட்டு விடுதிகள் லண்டனில் இருப்பதாக வீட்டுக்கார அம்மாள் சொன்னார். அதைத் தேடித் தினமும் 10, 12 மைல் நடந்தார். ஒரு நாள் பாரிங்டன் தெருவில் கண்ணில் பட்டு விட்டது! குழந்தைக்கு ஆசைப்பட்ட பொருள் கிடைத்தாற்போல் ஆனந்தம். வாசலில் விற்பனைக்கு இருந்த சைவ உணவுப் புத்தகம் ஒன்றை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக் கொண்டு உள்ளே போனார். இங்கிலாந்துக்கு வந்த பிறகு வயிறும் மனசும் நிறையச் சாப்பிட்டது அன்றுதான்.

துரை வேஷம்

அதோடு கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. துரைமார் போல ஆக வேண்டும் என்ற ஆசை பிடித்துக் கொண்டது. பாண்டு தெருவில் 10 பவுண்டுக்கு மாலை நேர உடுப்பு. 19 ஷில்லிங்குக்குத் தொப்பி. தலைவாரவும் டை கட்டவும் கண்ணாடி முன்னால் தினமும் பத்து நிமிஷம். நடனம் கற்க 3 பவுண்டு. பிடில் வாங்க 3 பவுண்டு. கடிகாரத்துக்குத் தங்கத்தில் இரட்டைச் சங்கிலி வேண்டும் என்று அண்ணனுக்கு எழுதினார். அதுவும் வந்தது.

அண்ணன் தங்கமானவர். ஆனால் சங்கிலி எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்றும் எத்தனை வீடுகளில், "பிள்ளை வெளியூரில் இருக்கிறான், கேட்டதை அனுப்பி விடுவோம்" என்று கடன் வாங்கி அனுப்புகிறார்கள்! வீட்டு நிலைமை பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளையின் நிலைமை வீட்டுக்குத் தெரியாது.

மூன்று மாதத்தில் காந்திக்கு அந்த மயக்கம் தெளிந்தது. தாம் இங்கே வாழ வந்தவர் அல்ல, படிக்க வந்தவர் என்று புரிந்தது. பிடிலை வந்த விலைக்கு விற்று விடச் சொன்னார்.

அவரைக் காப்பாற்றியது ஒரு கணக்கு நோட்டு. பஸ் சத்தம், தபால் தலை, பத்திரிகை என்று காலணாச் செலவையும் எழுதுவார். படுக்கப் போகுமுன் மீதியைச் சரி பார்ப்பார். (அந்தக் காலத்து லண்டனில் பஸ்ஸை இழுத்தவை குதிரைகள்!) கணக்கைப் பார்த்ததும் பணம் எங்கே போகிறது என்று தெரிந்தது. பஸ்ஸை விட்டு நடந்தார். தினமும் 8, 10 மைல் நடை. அதனால் உடம்பும் நன்றாக இருந்தது. இரண்டு அறையை விட்டு ஒரே அறைக்கு மாறினார். அடுப்பு வாங்கிக் காலைக் கஞ்சியைத் தாமே காய்ச்சினார். அதற்கு இருபது நிமிஷம் போதும். மத்தியானம் வெளியே சாப்பாடு. இரவில் ரொட்டியும் கோக்கோவும். ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு 1 ஷில்லிங் 3 பென்ஸ்!

ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 10 பவுண்டு உடுப்பின் விலையில் 160 நாள் சாப்பிடலாம்.

வெளிநாட்டில் இருக்கும் மகனையோ மகளையோ கைப்பேசியில் கூப்பிட்டால், "நன்றாகப் படிக்கிறாயா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "படிக்கிறேன்" என்று பதில் வரும். அதோடு போனை வைத்து விடாதீர்கள். "ராத்திரி என்ன சாப்பிட்டாய்? அதற்கு என்ன செலவு? பேச யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். கடன் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு என்பதை நீங்களும் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளை பயந்து விடுவான் என்று மறைப்பதுதான் ஆபத்து. அழுதால் அழட்டும். அழுகிற பிள்ளையைத் "திரும்பி வந்தால் ஊர் சிரிக்கும்" என்று மட்டும் மிரட்டாதீர்கள்.

மறைக்க வேண்டியது என்று எதுவுமே இல்லையா? அண்ணன் லட்சுமிதாஸ் ஒன்றை மறைத்தார். 1891-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி காந்தி பாரிஸ்டர் ஆனார். 12-ந் தேதியே ஊருக்குக் கப்பல் ஏறி விட்டார். தாயாரைப் பார்க்க அவ்வளவு துடிப்பு. பம்பாய்த் துறைமுகத்தில் அண்ணன் காத்திருந்தார். தம்பி லண்டனில் படித்துக் கொண்டிருந்தபோதே தாயார் காலமாகி விட்டார். அந்நிய தேசத்தில் தனியாக இருக்கும் பிள்ளை எப்படித் தாங்குவான் என்று அண்ணன் எழுதவில்லை. அந்தச் செய்தியை அன்றுதான் தம்பியிடம் சொன்னார்.