பாட்டியை மூலையில் கிடத்தாதீர்கள்!

திருக்கழுக்குன்றம் மலைக்கோவிலுக்கு ஐந்நூறுக்கு மேல் படிகள். வேதகிரீசுவரரைக் கும்பிட வயதான தாய்மார்கள் மூச்சு வாங்க ஏறுகிறார்கள். பத்திரமாக இறங்கியும் வருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஆபத்து பெரும்பாலும் வீட்டில்தான் காத்திருக்கிறது! குளியலறை ஈரத்தில் கால் வழுக்குகிறது. இருட்டில் வாசற்படி தடுக்குகிறது. இடுப்பு மூட்டில் எலும்பு முறிகிறது.

“ஆபரேஷன் செய்து செயற்கை மூட்டு வைக்க வேண்டும்” என்கிறார் டாக்டர். உடனே வீட்டில் பேச்சு கிளம்புகிறது.

“இந்த வயதில் மயக்க மருந்து தாங்குமா?”

“முதுகில் ஊசி போட்டால் ஆயுளுக்கும் வலிக்குமாமே!”

இப்படிப் பேசியே நாளைக் கடத்துகிறார்கள். இது பெரிய தவறு.

படுக்கையே பகை

கையோ காலோ முறிந்தால் நாட்டுக்கட்டுப் போடுவது நம் வழக்கம். இடுப்பு மூட்டுக்கு அது உதவாது. மூட்டு ஆழத்தில் இருக்கிறது. மேலே போடும் கட்டு அதைப் பிடித்து நிறுத்தாது. முறிந்த பந்துக்கு இரத்த ஓட்டமும் அறுந்து போகலாம். பிறகு அது கூடுவது எப்படி?

அசையாமல் கிடந்தால் முதுகில் புண் வரும். நெஞ்சில் சளி கட்டும். காலில் இரத்தம் உறையும். வயதானவர்களின் உயிரைக் குடிப்பவை இவைதான். ஆகவே, கூடுமானால் இரண்டு நாட்களுக்குள் ஆபரேஷன் நடப்பது நல்லது.

முதுகு ஊசி என்பது என்ன?

நம் முதுகெலும்புக்குள் நரம்புத் தண்டு இருக்கிறது. அது இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்து விடும். அதற்குக் கீழே, நரம்புகளைச் சுற்றி நீர் நிற்கிறது. மெல்லிய ஊசியால் அந்த நீரில் சிறிதளவு மருந்தைச் செலுத்துகிறார்கள். சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும். இரண்டு மூன்று மணி நேரம் வலி தெரியாது. நோயாளி தாமாகவே மூச்சு விடுகிறார். விழித்தும் இருக்கலாம், தூங்க மருந்தும் கேட்கலாம்.

இது நேற்று வந்த வித்தை அல்ல. 1898-ம் ஆண்டு ஜெர்மனியில் ஆகஸ்ட் பியர் என்ற டாக்டர் இப்படி ஆபரேஷன் செய்தார். பிறகு அவரும் அவருடைய உதவியாளரும் தங்கள் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார்கள். உதவியாளரின் காலைச் சுத்தியலால் தட்டினார்கள். அவருக்கு வலிக்கவே இல்லை! இன்றைய செயற்கை இடுப்பு மூட்டுக்கு வழி காட்டியவர் இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி. அது 1962-ல்.

எது நல்லது?

முதுகு ஊசியா, முழு மயக்கமா? இடுப்பு முறிந்த 1,600 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் சோதித்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். உயிர் பிழைப்பதிலும் மீண்டும் நடப்பதிலும் பெரிய வேற்றுமை இல்லை! ஆகவே இரண்டுக்கும் அஞ்ச வேண்டாம். எது பொருந்தும் என்று மயக்க மருந்து டாக்டர் பார்த்துச் சொல்வார்.

முதுகு ஊசியிலும் தொல்லை உண்டு. இரத்த அழுத்தம் இறங்கலாம். சிலருக்குத் தலைவலி வரும். சிறுநீர் கழிப்பது சிறிது நேரம் கடினமாகலாம். இவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். ஆயுள் முழுவதும் வலிக்கும் என்பது வெறும் பயம். நரம்பு கெடுவது மிக மிக அபூர்வம்.

இன்னொரு முறையும் உண்டு. கருவியின் திரையில் பார்த்துக்கொண்டே, தொடையிடுக்கில் ஊசி போட்டு மூட்டுக்குப் போகும் நரம்புகளை மரக்கச் செய்வார்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் வலி குறையும்.

மறைக்காதீர்கள்!

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாமல் முதுகில் ஊசி போட்டால் உள்ளே இரத்தம் கட்டி ஆபத்தாகும். சர்க்கரை, இருதய நோய், மருந்து ஒவ்வாமை எதையும் ஒளிக்காதீர்கள். பட்டினி இருக்கச் சொன்னால் “ஒரு வாய் கஞ்சி” என்று ஊட்டாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும்!

அரசு செய்ய வேண்டியது

திருக்கழுக்குன்றத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. முறிந்த எலும்போடு அந்தத் தூரம் போவது நரக வேதனை. தாலுகா ஆஸ்பத்திரியிலேயே தொடை ஊசி போட்டு, வலியைத் தணித்து அனுப்ப வேண்டும். அதற்கு வேண்டிய கருவியும், பயிற்சி பெற்ற டாக்டரும் எல்லா ஊரிலும் வேண்டும். கையெழுத்து வாங்குமுன், நோயாளிக்குப் புரியும் தமிழில் விளக்க வேண்டும்.

குடும்பத்தாருக்கும் கடமை உண்டு. விழுந்தவரை இழுத்து உட்கார வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். காப்பீட்டு அட்டையையும் மருந்துச் சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

நம்மை இடுப்பில் சுமந்தவர்கள் அவர்கள். அவர்கள் இடுப்பு ஒடிந்தால் எழுப்பி நடக்க வைப்பது நம் கடன்!